இதயத்தசையின் சுருக்கமும் தளர்வும்: புரதக் கட்டமைப்பு பற்றிய ஒரு நோக்கு

உயிர் என்பது புரதப் பொருள்களின் இருப்பு முறையே என்ற கருத்தை எங்கெல்ஸ் 'டூரிங்குக்கு மறுப்பு' என்னும் நூலில் முன்வைத்தார். அந்நூல் 1878ஆம் ஆண்டில் வெளிவந்தபோது புரதம் எத்தகைய வடிவினது என்பதை எவரும் அறிந்திருக்கவில்லை. முட்டையின் வெண்கருவிலும் தசையிலும் குருதியிலும் காணப்படும், நைதரசன் கலந்த ஒரு பொருள் என்ற அளவிலேயே அது அறியப்பட்டிருந்தது. நியூக்கிளிக்கமிலங்கள் பற்றிய அறிவு வளர்ந்துவிட்ட இன்று அவரது வரையறையை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும் அதில் அவர் அழுத்திக் கூறிய ஒன்று இன்றும் நிலைத்து நிற்கின்றது. பொருளை அதன் இயக்கத்திலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள இயலாது. உயிருள்ள பொருள் ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டிருப்பதாலேயே தானாக நிலைத்திருக்கின்றது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை சுருங்கித் தளரும் இதயத்தசையைப்போல இதனைத் துலக்கமாகக் காட்டும் பொருள் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே.

எமது இலக்கிய மரபு நெஞ்சை ஓர் உரையாடற் பாத்திரமாகவே வளர்த்துவந்துள்ளது. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என ஓர் அதிகாரமே உண்டு. அந்த நெஞ்சு எண்ணுவது, ஏங்குவது, பழிக்கப்படுவது. மார்புக்கூட்டினுள் இருந்து குருதியைத் தள்ளும் தசையன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் இலக்கியத்துக்கு நட்டம் ஏதுமில்லை. ஆயின் நோய் என்று வரும்போது குழப்பம் கேடாகின்றது. 'அவன் தலையெழுத்து' என்று முன்னர் கூறப்பட்ட இடத்தில் இன்று 'அவனது பரம்பரையலகு' என்று கூறும் வழக்கம் படித்தோரிடையே பரவிவருகின்றது. சொல் மாறியுள்ளதே தவிரச் சிந்தனை மாறவில்லை. தென்னாசிய மக்களின் இதயத்தசைப் புரதம் ஒன்றில் காணப்படும் மாற்றம் பற்றி 2009ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் விவாதம் இவ்வகையில் எமக்கு மிக நெருக்கமானது. அதனைச் சரிவர விளங்கிக்கொள்வதற்கு, இதயத்தசை எவ்வாறு சுருங்குகின்றது என்பதையும், அதனிலும் முக்கியமாக, அது எவ்வாறு சுருங்காமல் இருக்கின்றது என்பதையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

1

இதயத்தசைக் கலமொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால் ஒழுங்கான குறுக்குக்கோடுகள் தென்படும். கோட்டுக்குக் கோடு அமைந்துள்ள சிறு துண்டமே சுருக்கத்தின் அடிப்படை அலகு. இதன் நீளம் ஏறத்தாழ 2 மைக்கிரோமீற்றர். அதாவது, ஒரு மில்லிமீற்றர் நீளத்தினுள் ஐந்நூறு துண்டங்கள் வரிசையாக அடங்கும். ஒவ்வொரு துண்டத்தினுள்ளும் இருவகை இழைகள் ஒன்றினிடையே ஒன்று புகுந்து கிடக்கின்றன. தடித்த இழைகள் மயோசின் என்னும் புரதத்தாலும், மெல்லிய இழைகள் அக்டின் என்னும் புரதத்தாலும் ஆனவை. மயோசின் மூலக்கூறு இரண்டு நூல்கள் ஒன்றோடொன்று முறுக்குண்டது போன்ற நீண்ட வாலும், அதன் நுனியில் இரண்டு தலைகளும் உடையது. ஏறத்தாழ முந்நூறு மூலக்கூறுகளின் வால்கள் கட்டாகச் சேர்ந்து ஒரு தடித்த இழையாகின்றன. தலைகள் இழையின் மேற்பரப்பில் நிற்கின்றன.

தசை சுருங்கும்போது இழைகள் குறுகுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் 'நேச்சர்' சஞ்சிகையின் ஒரே இதழில் வெளிவந்த இரு கட்டுரைகள் இவ்வுண்மையை நிறுவின. ஒன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது; மற்றது அன்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கேர்க்கும் எழுதியது. இரு ஹக்ஸ்லிகளும் உறவினரல்லர். வரலாற்று நோக்கில் இவ்விடத்தில் ஒரு மரபுத் தொடர்ச்சியைக் குறிப்பிடத் தோன்றுகின்றது. புரதப் பளிங்கொன்றை எக்சுக்கதிரால் முதன்முதலிற் சரிவரப் படம்பிடித்தவர்கள், 1934ஆம் ஆண்டில், ஜே. டி. பேர்ணலும் டொரதி குரோபுட்டும் ஆவர். பேர்ணல் எமது வாசகர்களுக்கு 'வரலாற்றில் விஞ்ஞானம்' என்னும் நூலின் ஆசிரியராகவும் மாக்சியவாதியாகவும் அறிமுகமானவர். அவருடைய மாணவர் மக்ஸ் பெரூட்ஸ். பெரூட்ஸின் ஆய்வுகூடத்திற் பயின்றவரே ஹியூ ஹக்ஸ்லி. வடிவத்தை அறியாமல் தொழிலை அறிய முடியாது என்ற நம்பிக்கையே இம்மூவரையும் இணைத்தது.

அதேவேளை, தொழிலை மறந்த வடிவ ஆராய்ச்சியும் குறையுடையதே. தசையின் சக்திமூலம் ஏ.ரி.பி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் பொசுபேற்றுச் சேர்வையாகும். அச்சேர்வையை உடைத்துச் சக்தியை வெளிவிடும் நொதியம் வேறெதுவுமன்று, மயோசினே என்பதை 1939ஆம் ஆண்டில் மொஸ்கோவில் எங்கெல்ஹார்ட், லியூபிமோவா தம்பதியினர் கண்டறிந்தனர். அதுவரை மயோசின் தசையின் வெறும் கட்டுமானப் பொருளாகவே கருதப்பட்டது. கட்டுமானமும் பொறியும் ஒன்றே என்ற இக்கண்டுபிடிப்பு அக்காலத்து உயிரிரசாயனவியலுக்கு வியப்பளித்தது. அடுத்துவந்த போர்க்கால ஆண்டுகளில் ஹங்கேரியின் செகெட் நகரில் சென்ற்-கியோர்கியும் ஸ்ட்ரோபும் அக்டினை வேறாக்கி, மயோசினோடு அது சேர்ந்த நூல்கள் ஏ.ரி.பி. பட்டதும் சுருங்குவதைக் கண்டனர். மயோசின் தலை ஏ.ரி.பி.யை உடைத்து, அக்டினைப் பற்றி, நெம்புகோல்போல வளைந்து, மெல்லிய இழையைச் சில நனோமீற்றர் தூரம் இழுக்கின்றது. பின்னர் புதிய ஏ.ரி.பி. மூலக்கூறொன்று வந்து சேர்ந்தாலன்றி அத்தலை தன் பிடியை விடுவதில்லை.

கடைசி வாக்கியத்தை வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். இறந்தவரின் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது இதனாலேயே. ஏ.ரி.பி. தீர்ந்துவிட, மயோசின் தலைகள் அக்டினைப் பற்றிய பிடியிலேயே உறைந்துவிடுகின்றன. ஆகவே தளர்வு என்பது தசை ஓய்ந்து கிடக்கும் நிலையன்று. சக்தியைச் செலவிட்டுப் பெறப்படும் ஒழுங்குநிலை அது. இதயத்தைப் பொறுத்தவரை இது உயிர்ப் பிரச்சினை. இதயவறை தளர்ந்து விரிந்தாலன்றி அதனுட் குருதி நிரம்பாது. நிரம்பாத அறை எவ்வளவு வலுவாகச் சுருங்கியும் பயனில்லை.

2

தளர்வு நிலையில் மயோசினும் அக்டினும் அருகருகே இருந்தும் பற்றிக்கொள்ளாதிருப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கான முதல் விடை இலண்டன் மாநகரின் குழாய் நீரிலிருந்து கிடைத்தது எனலாம். 1880களின் தொடக்கத்தில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர் தவளையின் இதயத்தை உப்புக்கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்துவந்தார். அக்கரைசல் வடித்த நீரில் அல்லாமல் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டிருந்தமை பின்னரே தெரியவந்தது. வடித்த நீரைப் பயன்படுத்தியபோது துடிப்பு நின்றது. குழாய் நீரிற் கலந்திருந்த கல்சியமே வேறுபாட்டுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். ஆயின் கல்சியம் தசையினுள் எதனைத் தொடுகின்றது என்பது மேலும் எண்பது ஆண்டுகள் வரை தெளிவாகவில்லை. தோக்கியோவில் செற்சுரோ எபாஷி 1960களில் துரோப்பொனின் என்னும் புரதத்தைக் கண்டறிந்த பின்னரே அது வெளிப்பட்டது. கல்சியம் போன்ற எளியதோர் அயன் சுருக்கத்தை ஆளக்கூடும் என்ற அவரது கருத்து மேலைநாட்டு ஆய்வாளர் பலரால் ஆரம்பத்தில் ஐயுறப்பட்டது.

மெல்லிய இழையின் அமைப்பு இதுதான்: அக்டின் மணிகள் கோவைகோவையாக முறுகிச் செல்கின்றன. அக்கோவையின் பள்ளத்தை ஒட்டித் துரோப்போமயோசின் என்னும் நீண்ட புரதம், மயோசின் தலை பற்றவேண்டிய இடங்களை மறைத்தவாறு படிந்திருக்கின்றது. அதனை அந்நிலையில் நிறுத்திவைப்பது துரோப்பொனின். இது மூன்று உறுப்புகளின் கூட்டு. ஒன்று கல்சியத்தை ஏற்பது, ஒன்று தடுப்பது, மற்றது இரண்டையும் துரோப்போமயோசினோடு பிணைப்பது. கலத்தினுள் கல்சியத்தின் செறிவு ஏறத்தாழப் பத்து மடங்கு உயரும்போது முதலாவது உறுப்பு வடிவம் மாறுகின்றது. தடுக்கும் உறுப்பு அக்டினிலிருந்து இழுத்துக்கொள்ளப்படுகின்றது. துரோப்போமயோசின் சற்றே நகர்கின்றது. மறைந்திருந்த இடங்கள் வெளிப்படுகின்றன. கல்சியம் மீண்டும் தன் சேமிப்பறைக்குத் திருப்பி ஏற்றப்பட்டதும் எல்லாம் பழைய நிலையை அடைகின்றன.

கைகால்களின் தசையிலும் இதே ஒழுங்கு உண்டு. ஆனால் இதயத்தின் துரோப்பொனின் சில வேறுபாடுகளை உடையது. தடுக்கும் உறுப்பின் தொடக்கத்தில் இதயத்துக்கே உரிய முப்பது அளவான அமினோவமிலங்களாலான ஒரு நீட்சி உண்டு. அச்சமோ உழைப்போ உடலை ஆட்கொண்டு அதிரினலின் சுரக்கும்போது அந்நீட்சியில் இரு இடங்களிற் பொசுபேற்றுக் கூட்டம் பொருத்தப்படுகின்றது. அதன் விளைவாகக் கல்சியம் விரைவாகக் கழன்றுவிடுகின்றது. இதயம் விரைந்து அடிக்கவேண்டிய வேளையில் விரைந்து தளரவும் வேண்டும் என்ற முரண்பாடு இவ்வாறு மூலக்கூற்று மட்டத்தில் தீர்க்கப்படுகின்றது. மாரடைப்பு ஐயுறப்படும் நோயாளரின் குருதியில் வைத்தியசாலைகள் தேடுவதும் இவ்விதயத் துரோப்பொனினையே. கலம் சிதைந்தாற்றான் அது குருதியிற் பெருமளவிற் கசியும். அதன் இதய வடிவம் ஏனைய தசைகளின் வடிவத்திலிருந்து வேறானதாகையால் கசிவின் தோற்றுவாயும் தெரிந்துவிடுகின்றது.

3

நீண்டகாலமாகத் தசையின் ஆளி மெல்லிய இழையிலேயே உள்ளது என்று பாடநூல்கள் கூறிவந்தன. தடித்த இழை எப்பொழுதும் ஆயத்தமாக நிற்கும் வேலையாள் போலக் கருதப்பட்டது. இக்கருத்து இவ்விருபத்தைந்து ஆண்டுகளில் மாறியுள்ளது. மாற்றத்துக்கு வித்திட்டவற்றுள் ஒன்று, தறந்துலாச் சிலந்தியின் தசை பற்றி 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. அமெரிக்க ஆய்வாளருடன் இணைந்து அதனை நிகழ்த்தியவர் வெனிசுவேலாவின் ராவுல் பத்ரோன். மூன்றாம் உலக நாடொன்றின் ஆய்வுகூடம் அடிப்படை விஞ்ஞானத்தில் ஆற்றக்கூடிய பங்குக்கு இது நல்ல சான்று; சிலந்தியை ஆராய்ந்து யாருக்கு என்ன பயன் என்று கேட்போருக்கும் இதுவே விடை. தளர்ந்த தசையில் மயோசினின் இரு தலைகளும் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கவில்லை. ஒன்றையொன்று பற்றி, தம் வாலின்மீதே மடிந்து படுத்திருக்கின்றன என்று அவ்வாய்வு காட்டியது. முதுகெலும்பிகளின் இதயத்திலும் இவ்வமைப்பு உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. மனித இதயத்தின் தடித்த இழையில் இத்தலைகளின் நிலையை 2023ஆம் ஆண்டில் வெளிவந்த தாழ்வெப்ப இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள் நேரடியாகவே காட்டின.

மடிந்து படுத்த தலைகள் ஏ.ரி.பி.யை மிக மெதுவாகவே செலவிடுகின்றன. 2010ஆம் ஆண்டளவில் ரொஜர் குக் என்பவரும் உடனுழைத்தோரும் இந்நிலையை அளந்து, அதனை அதிதளர்வு நிலை என்னும் பொருள்படப் பெயரிட்டனர். இதயம் நாளொன்றுக்குத் தன் எடையைப் பன்மடங்கு விஞ்சிய அளவு ஏ.ரி.பி.யை ஆக்கி அழிக்கும் உறுப்பாதலால், எத்தனை தலைகள் படுத்திருக்கின்றன, எத்தனை எழுந்து நிற்கின்றன என்பது அதன் சக்திக் கணக்கையே தீர்மானிக்கும். ஓய்வாயிருக்கும்போது பல தலைகள் ஒதுக்கிருப்பாக மடிந்திருக்கும். வேலை கூடும்போது அவை எழுப்பப்படும். இழையின்மீது இழுவிசை கூடினாலே தலைகள் எழுகின்றன என்பது 2015ஆம் ஆண்டளவில் எலும்புத்தசையிற் காட்டப்பட்டது. ஆக, ஆளிகள் இரண்டு. மெல்லிய இழையில் உள்ளது கல்சியத்துக்குச் செவிசாய்க்கின்றது. தடித்த இழையில் உள்ளது இழுவிசைக்கு.

இரண்டாவது ஆளியோடு நெருங்கிய தொடர்புடைய புரதங்கள் இரண்டு. ஒன்று ரைற்றின். மனித உடலில் அறியப்பட்ட புரதங்களுள் மிகப் பெரியதான இது துண்டத்தின் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே மூலக்கூறாக நீண்டு, வில்சுருள்போலத் தொழிற்படுகின்றது. அதிகம் நிரம்பிய இதயம் அதிக வலுவோடு சுருங்கும் என்று ஸ்ராலிங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த விதிக்குப் பின்னால் இருப்பவற்றுள் இச்சுருளும் ஒன்று. மற்றது மயோசினைப் பிணைக்கும் சி புரதம். 1970களின் தொடக்கத்தில் ஜெரல்ட் ஒஃபர் முதலியோரால் விவரிக்கப்பட்ட இதனை, இனி இக்கட்டுரையில் சி புரதம் என்றே குறிப்பிடுவோம். பதினொரு மணிகள் கோத்த மாலை போன்றது அதன் இதய வடிவம். மாலையின் கடைசி மணிகள் தடித்த இழையின் முதுகில் நங்கூரமிட்டிருக்கின்றன. முதல் மணிகள் வெளியே நீண்டு, மயோசின் தலைகளின் கழுத்துப்புறத்தையும் எதிரேயுள்ள அக்டினையும் தொடுகின்றன. தலைகளை மடிந்த நிலையில் வைத்திருப்பதற்கு இது உதவுகின்றது. முன்னர் கூறிய அதிரினலின் வழியாகவே இதன் முதற் பகுதியிலும் பொசுபேற்று பொருத்தப்பட, அதன் பிடி நெகிழ்கின்றது.

கட்டுப்பாடு, ஒதுக்கிருப்பு, உழைப்பு என்றெல்லாம் எழுதும்போது இவற்றைச் சமுதாயத்துக்கு உவமையாக்கும் ஆசை எழுவது இயல்பு. அவ்வாசையை அடக்கவே வேண்டும். உறுப்புகளின் ஒத்திசைவைக் காட்டி வர்க்க வேறுபாட்டை நியாயப்படுத்திய உவமைகள் மேலைநாட்டிலும் எமது நாட்டிலும் பழையன.

4

நோய்க்கு வருவோம். 1958ஆம் ஆண்டில் இலண்டன் நோயியலாளர் டொனல்ட் ரீயர், இளம்வயதினர் எண்மரின் இதயங்களை விவரித்தார். அவர்களுட் பெரும்பாலோர் திடீரென இறந்தவர்கள். இதயவறைகளுக்கிடையேயுள்ள சுவர் அளவுமீறித் தடித்திருந்தது. தசைத்தடிப்பு இதயநோய் எனத் தமிழிற் கூறத்தக்க இந்நோய் ஐந்நூறு பேரில் ஒருவருக்கு உண்டு என்பது 1995ஆம் ஆண்டு முதல் பரவலாக எடுத்தாளப்படும் கணிப்பு. இவ்விதயம் வலுவாகவே, சிலவேளை அளவுக்கு மிஞ்சிய வலுவுடனேயே, சுருங்கும். அதனாற் செய்ய இயலாதது முழுமையாகத் தளர்வது. மூச்சுத்திணறல், மயக்கம், ஒழுங்கற்ற துடிப்பு ஆகியன தொடர்கின்றன.

1990ஆம் ஆண்டில் இந்நோயின் முதலாவது விகாரம் மயோசினிற் கண்டறியப்பட்டது. 403ஆவது இடத்தில் ஓர் அமினோவமிலத்துக்குப் பதில் வேறொன்று இருந்தது, அவ்வளவுதான். 1995ஆம் ஆண்டில் சி புரதத்தின் பரம்பரையலகும் இந்நோயோடு தொடர்புபடுத்தப்பட்டது. இன்று இவையிரண்டுமே இந்நோயின் மிகப் பொதுவான பரம்பரைக் காரணங்கள். மயோசினின் எந்தெந்த இடங்களில் விகாரங்கள் செறிந்துள்ளன என்று வரைபடத்திற் குறித்தபோது, தலைகள் ஒன்றையொன்றும் வாலையும் தொட்டு மடியும் பரப்புகளிற் பல அமைந்திருந்தமை தெரிந்தது. மடிப்பின் பிடி தளர்கின்றது, ஒதுக்கிருப்பில் இருக்கவேண்டிய தலைகள் எழுந்துவிடுகின்றன, ஏ.ரி.பி. வீணாகின்றது, தளரவேண்டிய வேளையிலும் சில தலைகள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நோய் இங்கே வலுக்குறைவன்று. தடை நீங்கிய வலுவே நோயாகின்றது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது அறை விரிந்து சுவர் மெலியும் நோய். அவ்வகைக் குடும்பங்களில் ஏறத்தாழக் காற்பங்கினரிடம் ரைற்றின் குறையுற்றிருப்பதை 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதே ரைற்றின் குறைபாடு மகப்பேற்றையொட்டி இதயம் தளர்ந்த தாய்மாரிடமும், மதுப்பழக்கத்தால் இதயம் நலிந்தோரிடமும் வழமைக்கு மிகுதியாகக் காணப்படுவதைப் பிந்திய ஆய்வுகள் வெளிப்படுத்தின. பல ஆண்டுகள் வெளித்தெரியாதிருந்த குறைபாடு, உடலின் மீது புதிய சுமை ஏறும்போதே நோயாகின்றது. விகாரத்தை மட்டும் வைத்தோ, சுமையை மட்டும் வைத்தோ இதனை விளக்க இயலாது.

5

இப்பின்னணியிலேயே எமது பிரதேசத்துக்குரிய விகாரத்தை நோக்குதல் வேண்டும். சி புரதத்தின் பரம்பரையலகில், புரதமாக மொழிபெயர்க்கப்படாத இடைப்பகுதி ஒன்றில், இருபத்தைந்து எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2003ஆம் ஆண்டில் இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தோர் கண்டனர். 2009ஆம் ஆண்டில் தண்டபாணி, சக்திவேல் சடையப்பன், தங்கராஜ் முதலியோர் இதுபற்றிய விரிந்த ஆய்வை வெளியிட்டனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஐதராபாத்தின் கல, மூலக்கூற்று உயிரியல் ஆய்வு நிலையமும் அதில் முக்கிய பங்கு வகித்தன. இந்தியத் துணைக்கண்ட வழிவந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வர், அதாவது இருபத்தைந்து பேரில் ஒருவர், இவ்விடுபாட்டைக் கொண்டுள்ளனர். பல்வேறு மொழிகளையும் சாதிகளையும் பழங்குடிகளையும் சார்ந்தோரிடையே அது காணப்பட்டது. இலங்கை, பாக்கித்தான், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் கண்டறியப்பட்டது. அதன் தோற்றம் ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என ஆய்வாளர் கணித்தனர். அக்கணிப்பு ஏறத்தாழச் சரியெனினும், இன்று நாம் மொழியாலும் மதத்தாலும் வகுத்துக்கொண்டுள்ள இனங்கள் எவையும் தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே அது தோன்றிவிட்டது.

எழுத்துகள் விடுபட்ட இடம் இடைப்பகுதியாயினும், அண்டையிலுள்ள பகுதி ஒன்று வெட்டி ஒட்டப்படும்போது அதனால் தவறிவிடக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் உருவாகும் சி புரதத்தின் கடைசி மணி உருக்குலைந்திருக்கும். நங்கூரம் இடுவது அம்மணியே என்பதை முன்னர் கண்டோம். நங்கூரமற்ற மாலை தனக்குரிய இடத்தில் ஒழுங்காக அமர இயலாது. இதயம் தளர்ந்த நோயாளரிடையே இவ்விடுபாடு ஏனையோரைவிடக் கூடுதலாக உண்டு. சேர்த்துக் கணித்தால் ஆபத்து ஏறத்தாழ ஏழு மடங்கு என்று 2009ஆம் ஆண்டின் ஆய்வு கூறியது. நோய் பெரும்பாலும் நடுவயதின் பின்னரே தோன்றுவதால், பிள்ளைப்பேற்றுக் காலத்தை அது பாதிக்கவில்லை. இயற்கைத் தேர்வு அதனை அகற்றாமல் விட்டதற்கு இவ்வாறு விளக்கம் தரப்பட்டது.

செய்தித்தாள்களுக்கு இது பெருவிருந்தாயிற்று. தென்னாசியரின் இதயநோய்க்கு மூலம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற தொனியில் எழுதப்பட்டது. இங்கே ஒரு தெளிவு அவசியம். தென்னாசியாவில் இதயநோயால் இறப்போருட் பெரும்பாலோரைக் கொல்வது முடியுரு நாடிகளின் அடைப்பு. அது தசைப்புரதத்தின் நோயன்று. உணவு, புகையிலை, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, உழைப்பின் தன்மை முதலியவற்றோடு தொடர்புற்ற அந்நோயை இருபத்தைந்து எழுத்துகளின் தலையிற் சுமத்த முடியாது.

விஞ்ஞானம் அங்கேயே நின்றுவிடவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் வாழும் தென்னாசியரை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்று, இவ்விடுபாட்டை உடையோர் எல்லோரும் ஒரே தன்மையர் அல்லர் என்று காட்டியது. அவர்களுட் சிலரிடம் அதே புரதத்தில் இன்னொரு மாற்றமும் இருந்தது. அவர்களது இதயமே மிகைவலுவோடு தொழிற்பட்டது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மறுபரிசீலனை இன்னும் ஒருபடி சென்றது. தசைத்தடிப்பு இதயநோயைப் பொறுத்தவரை, இருபத்தைந்து எழுத்து விடுபாட்டோடு ஒரே நிறமூர்த்தத் துண்டில் சேர்ந்து கடத்தப்படும் அரிய வேறொரு விகாரமே ஆபத்தின் பெரும்பகுதிக்குப் பொறுப்பு; விடுபாடு மட்டும் உடையோரின் ஆபத்து முன்னர் கருதப்பட்டதைவிட மிகக் குறைவு. குற்றவாளியெனக் கருதப்பட்டது பெரும்பாலும் குற்றவாளியின் உடன்பயணியே. 2009ஆம் ஆண்டின் ஆய்வு வீண் என்பது இதன் பொருளன்று. தென்னாசியரின் பரம்பரையலகுகளை எவரும் பொருட்படுத்தாத காலத்தில் அது ஆராய்ச்சியை இப்பக்கம் திருப்பியது. உலகின் பரம்பரையலகுத் தரவுகளுட் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையது. எமக்குப் பொதுவான மாறுபாடு எது, நோய் தருவது எது என்று அத்தரவுகளை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது.

மனிதரிடையேயான பரம்பரை வேறுபாட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ 85 சதவீதம், குழுக்களுக்கு உள்ளேயே காணப்படுகின்றது. குழுக்களுக்கு இடையே அன்று என்று ரிச்சட் லெவொன்ரின் 1972ஆம் ஆண்டிற் காட்டினார். மாக்சியச் சார்புடைய உயிரியலாளரான அவர், பரம்பரையலகு, உயிரி, சூழல் என்னும் மூன்றும் ஒன்றையொன்று ஆக்குபவை என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டார். எமது சி புரதத்தின் கதை அவரது வாதத்துக்கு இயல்பாகவே அரண் செய்கின்றது.

6

சூழல் எவ்வாறு புரதத்தின் வடிவத்தினூடாகவே இதயத்தைத் தாக்கும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. மூட்டுவாதக் காய்ச்சல் தொண்டையைத் தாக்கும் ஒருவகைப் பற்றீரியாவின் தொற்றுக்குப் பின் வருவது. அப்பற்றீரியாவின் மேற்பரப்பிலுள்ள எம் புரதம் இரு நூல்கள் முறுக்குண்ட வடிவினது. மயோசினின் வாலும் துரோப்போமயோசினும் அதே வடிவினவே. பற்றீரியாவுக்கு எதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகள் இவ்வொப்புமையால் மயங்கிச் சொந்த இதயத்தையே தாக்குகின்றன. வால்வுகளே மிகவும் பழுதடைகின்றன. இந்நோய் நெரிசலான குடியிருப்புகளில் பரவுவது. வீட்டுவசதியும் பென்சிலினும் கிட்டிய நாடுகளில் அது அருகிவிட்டது. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தோட்டத் துரைமார் கட்டிய லயன் அறைகளில், ஓர் அறைக்கு ஒரு குடும்பமென வாழவைக்கப்பட்ட மக்களை நினைத்துப் பார்க்கும் எவருக்கும், புரதத்தின் முறுக்கு எவ்வாறு கூலியோடும் கூரையோடும் தொடர்புறுகின்றது என்பதை விளக்கவேண்டியதில்லை.

தடித்த இழையின் ஆளி பற்றிய அறிவு ஏற்கெனவே மருந்தாகியுள்ளது. மயோசின் தலைகளை மடிந்த நிலையை நோக்கித் தள்ளும் மவகம்ரென் என்னும் மருந்து தசைத்தடிப்பு நோயின் ஒருவகைக்கு 2022ஆம் ஆண்டு ஏப்பிரிலில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயின் மூலக்கூற்று இயக்கத்தை அறிந்து, அதற்கெனவே ஆக்கப்பட்ட மருந்து அது. அறிமுகமானபோது நோயாளி ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு அறிவிக்கப்பட்ட விலை 89,500 டொலர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், மார்ச்சு மாத இறுதியில், பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால் முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டிருந்தன. அந்நியச் செலாவணி தீர்ந்துபோயிருந்த காலம் அது. அவ்விரு செய்திகளும் ஒரே வசந்தத்தில் ஒரே உலகச் சந்தையில் நிகழ்ந்தவை.

இதே பேராதனையின் மருத்துவ பீடத்தில் பீடாதிபதியாக இருந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, மருந்துகளை வணிகப் பெயரிலன்றிப் பொதுப்பெயரில், தேவையானவற்றை மட்டும், ஒரே அரச நிறுவனம் உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி வாங்கவேண்டும் என்றது. அதற்கென எழுந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. பன்னாட்டு நிறுவனங்களின் எதிர்ப்பை அது சந்தித்தது. 1977ஆம் ஆண்டில் அவர் கயானாவில் காலமானார். அதே ஆண்டில் இலங்கையின் பொருளாதாரக் கொள்கையும் திசைமாறியது.

மவகம்ரென் எட்டாத இடத்தில் என்ன செய்யலாம் என்பது மருத்துவர் பலர் நாளாந்தம் எதிர்கொள்ளும் வினா. 1960களில் ஜேம்ஸ் பிளாக்கின் ஆராய்ச்சியாற் கிடைத்த புரொப்பிரனலோல் தசைத்தடிப்பு நோய்க்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பட்டு வருகின்றது. அது மயோசினை நேரே தொடுவதில்லை. அதிரினலினின் வாயிலை அடைத்து, துடிப்பை மெதுவாக்கி, இதயவறை நிரம்புவதற்கு வேண்டிய நேரத்தைத் தருகின்றது. காப்புரிமைக் காலம் நெடுநாளைக்கு முன்னரே கழிந்துவிட்ட அம்மருந்து பொதுப்பெயரில் மலிவாகக் கிடைக்கின்றது. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரை இதய மின்வரைபாலும் மிகையொலிப் படத்தாலும் பரிசோதிப்பதற்குப் பரம்பரையலகுச் சோதனை முன்நிபந்தனையன்று. தடித்த சுவர் அப்படத்தில் தெரியும். சுவர் தடியாமல் விடுபாட்டை மட்டும் உடைய ஒருவரை நோயாளி என்று அழைப்பதற்கு 2020ஆம் ஆண்டின் பின்னர் ஆதாரமில்லை.